எடைமேடைக்காரியின் மூன்று கிலோமீட்டர்

ஏழரைக்கு விசில்.
நேரம் குறித்தவர் தமிழரில்லை போலும்.

குடும்பப் பிரிவு, எண் இருபத்தெட்டு:
நீந்துவது தர்வினேஷ்,
சைக்கிள் மிதிப்பது பத்துமலை,
ஓடுவது நான்.
அறுபது ரிங்கிட் கட்டியதும் நான்தான்.

மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டை.
கறுப்பு, ஒட்டிப் பிரிக்கிற ரகம்.
உள்ளே ஏதோ ஒன்று நேரத்தை எண்ணுமாம்.
தொலைத்தால் ஐம்பது ரிங்கிட் என்று
மேசையிலிருந்த மலாய்ப் பெண் மூன்று முறை சொன்னாள்.
கணுக்காலில் கட்டு, முடித்ததும் அவிழ்,
அடுத்த காலுக்குக் கொடு.

கிளப் குளத்தில் எட்டு நீளம்.
மேனேஜர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் குளித்த தண்ணீர்,
இப்போது சுங்கை கெலாடியில் யாருக்கும் மூன்று ரிங்கிட்.
வீட்டில் அறைக்கதவைத் திறக்கவே
பத்து நிமிடம் எடுப்பவன்
கதவே இல்லாத வீட்டுக்குள் போவதுபோல் போனான்.
நான்காவதாக ஏறி வந்தான்.
மூக்கு ஒழுக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு,
வயது பதினைந்து என்பது ஞாபகம் வந்து
நிறுத்திக்கொண்டான்.

பட்டை அப்பாவின் காலுக்குப் போனது.
சைக்கிள் கடன் வாங்கியது.
முந்தின இரவு அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு,
மறுபடி துடைத்து,
அதோடு பேசிய பேச்சில் பாதி
என்னோடு பேசியிருந்தால்
சரி, விடு. அது வேறு கணக்கு.

செம்பனைக்குள் பத்து கிலோமீட்டர்.
அரை மணி என்றார். ஒரு மணி ஆனது.
மற்றக் குடும்பங்களின் கால்களெல்லாம் ஓடிப்போன பிறகு
பந்தலில் நானும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

வந்தார், தள்ளிக்கொண்டு.
கையிரண்டும் கிரீஸ்.
"சங்கிலி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.
என் முன்னே முட்டி போட்டு
பட்டையைக் கணுக்காலில் சுற்றினார்.
இந்த மனிதர் கடைசியாக என் காலைத் தொட்டது
மாரியம்மன் கோயில் மண்டபத்தில்,
அம்மிமேல் தூக்கி வைத்து மெட்டி போட.
அன்றைக்கும் விரல் நடுங்கியது.
அன்றைக்கும் இறுக்கித்தான் போட்டார்.
"வலிக்குதா?"
"இல்லை."
ஐயர் இல்லை, மேளம் இல்லை.
வாழைப்பழம் இருந்தது.

ஆலைச் சாலையில் எங்களுக்காக
குலை லாரிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.
வாரம் ஆறு நாள் நான் எடை போடும் லாரிகள்.
எந்த நம்பர் எந்த டிவிஷன் என்று தெரியும்,
எதில் குலைக்கு அடியில் கல் வரும் என்பதும்.
"ரேணுக்கா! இன்னிக்கு எத்தனை டன்?"
முதல் லாரியிலிருந்து மகாலிங்கம்.
இரண்டாவது லாரி ஹாரன் அடித்தது.
மூன்றாவதில், குலைமுள்ளின் மேலே நின்று
ஒரு வங்காளதேசத்துப் பையன் கைதட்டினான்.
தினமும் அவனையும் சேர்த்துத்தான் எடை காட்டும்,
ரசீதில் கழித்துவிடுவேன்.
பேர் கேட்டதில்லை.

சிரித்தால் மூச்சு போகும் என்று தெரியும்.
சிரித்தேன். போயிற்று.
இரண்டாவது கிலோமீட்டர் முழுக்க நடைதான்,
ஆலையின் புளித்த ஆவிக்குள்,
இடுப்பில் கை வைத்து,
நிலம் அளக்க வந்தவள்போல்.

கடைசித் திருப்பத்தில் தர்வினேஷ், ஜப்பான் சிலிப்பரோடு.
"ஓடும்மா. மானத்த வாங்காத."
அவனுக்குப் பின்னால் சைக்கிளை உருட்டியபடி அவர்.
கோட்டை மூவரும் சேர்ந்து தாண்டக் கூடாதாம்.
மேசைப் பெண் பேனாவைக் கீழே போட்டு
அதை எடுக்கக் குனிந்தாள், நிதானமாக.

முப்பத்தாறு குடும்பத்தில் முப்பத்தைந்தாவது.
முப்பத்தாறாவது குடும்பம்
நடுவில் ரொட்டி சானாய் சாப்பிடப் போனது.

பட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன், ஐம்பது ரிங்கிட் தப்பியது.
அது இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வளையம்,
வளையத்தைச் சுற்றி நான்கு கறுப்பு விரல்.
சோப்புக்குப் போகவில்லை.
தேய்த்தேன் என்றும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை முதல் லாரி மேடையில் ஏறியது.
மகாலிங்கம் ஜன்னல் வழியே என் காலைப் பார்த்துவிட்டு
ஏதோ கேட்க வாயெடுத்தான்.
"முதல்ல கல்ல எறக்கிட்டு வா" என்றேன்.